காவுதடி வளைந்த கூரை

பல்கேரியக் கிராமத்துப் பெண்கள் தண்ணீர் சுமக்கத் தோளில் ஒரு தடி வைத்திருந்தார்கள். நம்மூர்க் காவுதடி மாதிரிதான். இரண்டு முனையிலும் செம்புக் குடங்கள் தொங்கும். ஆனால் அந்தத் தடி நேராக இருக்காது. தோளில் அமரும் நடுப்பகுதி மெல்ல மேலெழும்பி, இருபுறமும் சரிந்து இறங்கி, முனைக்கு வரும்போது மறுபடி லேசாக நிமிரும். பாரம் ஒரே இடத்தில் அழுத்தக் கூடாது, நடக்கும்போது குடம் ததும்பக் கூடாது. அதற்காகச் சுமந்து சுமந்து கண்டெடுத்த வளைவு அது. அந்தத் தடிக்குப் பெயர் கோபிலிட்சா.

பிளோவ்டிவ் நகரத்துப் பழைய குன்றுப் பகுதியில், கல் பாவிய தெருவில் நின்று ஏறிட்டுப் பார்த்தால் அதே வளைவு வீட்டின் நெற்றியில் தெரியும். கூரையின் இறவாணம் நடுவில் வில்லாக எழும்பி, இரண்டு பக்கமும் அலை போலத் தாழ்ந்து ஓடும். கட்டியவர்கள் அதையும் கோபிலிட்சா என்றே சொன்னார்கள். கலை வரலாற்று நூல்கள் இந்த வளைவுக்கு ஐரோப்பிய பரோக் பாணியைத் தாயாகக் காட்டும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தச்சன் அதைப் பார்த்ததும் அவன் வாயில் வந்த சொல் தண்ணீர்த் தடியின் பெயர். இந்த வீடு எங்கே பிறந்தது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தச் சொல்தான்.

18, 19 ஆம் நூற்றாண்டுகளை பல்கேரியர்கள் தங்கள் மறுமலர்ச்சிக் காலம் என்று சொல்கிறார்கள். 1396 முதல் அவர்கள் நாடு ஒட்டோமான் சுல்தான்களின் ஆட்சியில் இருந்தது. 1762இல் பாயிசி என்ற துறவி தம் மக்களின் வரலாற்றை எழுதி முடித்தார்; பல்கேரியன் என்று சொல்லிக்கொள்ள ஏன் வெட்கப்படுகிறாய் என்று அதில் கேட்டார். மறுமலர்ச்சியை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். புத்தகம், பள்ளி, தனித் திருச்சபை, கடைசியில் விடுதலை என்று அந்தக் கதை போகும். ஆனால் அந்தப் புத்தகம் எழுத்தறிந்த சிலரிடையே கையால் படியெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத கொத்தர்களும் தச்சர்களும் இன்னொரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வீட்டை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொடக்கத்தில் அது ஒற்றை அறை. நடுவில் அல்லது சுவரோரத்தில் அடுப்பு. அதைச் சுற்றித்தான் சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம். அடுப்பு எரியும் அந்த அறைக்கு வழங்கிய பெயர் ‘வ்கஷ்டி’. இன்றைய பல்கேரிய மொழியில் ‘வீட்டில்’ என்று சொல்ல வேண்டுமானால் அதே சொல்தான். நெருப்பு இருக்கும் இடமே வீடு. பிறகு பக்கத்தில் இன்னொரு அறை வந்தது. இரண்டுக்கும் முன்னால், மரத்தூண்கள் தாங்கிய திறந்த தாழ்வாரம் ஒன்று ஓடியது. அதற்குச் சர்தாக் என்று பெயர். கோடையில் நூல் நூற்பதும், மிளகாய் உலர்த்துவதும், விருந்தாளியை உட்கார வைப்பதும், ராத்திரி படுப்பதும் அங்கேதான். மறுமலர்ச்சி வீட்டின் கதையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், இந்தத் தாழ்வாரம் என்ன ஆனது என்பதைத்தான் சொல்வேன். மற்ற எல்லாம் அதைச் சுற்றி நடந்தவை.

பால்கன் மலைச்சரிவில் சமதளம் கிடைப்பது அரிது. அதனால் வீடு இரண்டு மாடியாக எழுந்தது. கீழே கல். மாடு, ஆடு, தானியம், திராட்சை ரசப் பீப்பாய் எல்லாம் அங்கே. மேலே மரச்சட்டம். மனிதர்கள் அங்கே. கல் சுவரைக் கட்டும்போதே ஒரு முழம், இரண்டு முழத்துக்கு ஒருமுறை நீள மரங்களைக் கிடையாகச் செருகிக்கொண்டே போவார்கள். இடுப்புக்குக் கச்சை கட்டிய மாதிரி அவை சுவரைப் பிடித்துக்கொள்ளும். நிலம் அதிர்ந்தால் கல் உதிராது. மேல்மாடியில் சட்டங்களுக்கு நடுவே சுட்டெடுக்காத மண்கல்லோ முடைந்த விளாரோ வைத்து, வைக்கோல் கலந்த சேறு பூசி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். மலையூர்கள் சிலவற்றில் கூரைக்கு ஓடு கிடையாது. ட்ரியாவ்னாவிலும் பக்கத்து பொசென்ட்சியிலும் தட்டையான கனத்த கற்பலகைகளையே அடுக்கி வைத்தார்கள். அந்தப் பாரத்தைத் தாங்க உத்தரமும் விட்டமும் கனமாக வேண்டியிருந்தது. வீடுகளுக்கு ஒரு தாழ்ந்த, அமர்ந்த தோற்றம் வந்தது அப்படித்தான்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. ஊர்த் தெருக்கள் கோணல்மாணலாகப் போகும். மனைகளும் அதற்கேற்பக் கோணல்தான். கல் சுவரை மனையின் எல்லையை ஒட்டி அப்படியே கோணலாகக் கட்டிவிடுவார்கள். ஆனால் மேலே மனிதர் வாழும் அறை சதுரமாக வேண்டும். கம்பளம் விரிக்க வேண்டும், சுவரோரம் நீளமாக மிண்டர் என்ற தாழ்ந்த இருக்கை போட வேண்டும். அதனால் மேல்மாடியின் தரை உத்தரங்களைச் சுவருக்கு வெளியே நீட்டி, அடியில் வளைந்த முட்டுக்கட்டைகள் கொடுத்து, அறையைத் தெருவுக்கு மேலே தூக்கி நிறுத்தினார்கள். ஒரு மூலையில் ஒரு சாண், மறு மூலையில் நான்கு சாண் என்று எவ்வளவு நீட்டினால் அறை சதுரமாகுமோ அவ்வளவு. பிளோவ்டிவின் குறுகிய தெருக்களில் எதிரெதிர் வீடுகள் தலைக்கு மேலே நெற்றி முட்டப் போவது போல நெருங்கி நிற்பதற்கு இதுதான் காரணம். கீழே நடந்துபோகிறவருக்கு அது அழகு. மேலே இருப்பவருக்கு மூன்று பக்கமும் சன்னல், மூன்று பக்கமும் வெளிச்சம்.

அழகைப் பற்றிப் பேசும் முன் பயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 18 ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுல்தானின் ஆட்சி மாகாணங்களில் தளர்ந்துபோனது. கர்ஜலி என்ற கொள்ளைக் கூட்டங்கள் படை போலத் திரண்டு ஊர் ஊராக எரித்தன. கோப்ரிவ்ஷ்டிட்சா மூன்று முறை தீக்கிரையானது: 1793, 1804, 1809. அர்பனாசியும் 1798இல் எரிந்தது. அர்பனாசியில் எஞ்சியவற்றைப் பார்த்தால் வீடா கோட்டையா என்று தோன்றும். கீழ்மாடி முழுக்கத் தடித்த கல். சின்னச் சின்ன இரும்புக் கம்பிச் சன்னல். ஆணி அறைந்த கனத்த கதவு. உள்ளே மாடி ஏறினால்தான் மர வேலைப்பாடும் வெளிச்சமும். தெருவுக்கு ஒரு முகம், உள்ளுக்கு ஒரு முகம்.

மதில்களும் உயர்ந்தன. ஆனால் அந்த மதிலில் ஒரு சின்னக் கதவு இருந்தது. கபிஜிக் என்பார்கள். வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே, தோட்டத்து மூலையில், குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வாசல். பெண்கள் ஒரு கை மாவு கடன் வாங்கத் தெருவைச் சுற்றிப் போக வேண்டாம். ஆபத்து வந்தால் ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர் தெருவில் கால் வைக்காமலே வீடு வீடாகக் கடந்து ஊரின் மறுகோடிக்குப் போய்விடலாம். அத்தனை உயர்ந்த மதில்களைக் கட்டிக்கொண்ட மக்கள், அவற்றில் ஒருவருக்கொருவர் இப்படி ஒரு வழியும் விட்டு வைத்தார்கள். சுற்றுலாப் படங்களில் கபிஜிக் அதிகம் வருவதில்லை. பார்ப்பதற்கு அது ஒரு பலகைக் கதவுதான். அந்தக் காலத்து வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன்.

எரிந்த ஊர்களைத் திரும்பக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? ஆட்டிலிருந்து. கோப்ரிவ்ஷ்டிட்சாவின் பெரிய மனிதர்கள் தலைநகர் இஸ்தான்புல்லுக்கு ஆட்டுமந்தை ஓட்டி விற்ற வணிகர்கள். அந்த ஆட்டின் மயிரிலிருந்து அபா என்ற முரட்டுக் கம்பளித் துணி நெய்யப்பட்டது. அதற்குக் கரை வைத்துத் தைக்கும் கைத்தான் என்ற கறுப்பு முறுக்கு நாடா, மலையோடைச் சக்கரங்களில் பின்னப்பட்டது. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் பழைய ஜானிசரிப் படையைக் கலைத்துவிட்டுப் புதிய படை எழுப்பினார். புதிய படைக்குச் சீருடை வேண்டும். அதற்குத் துணி பால்கன் மலையடிவாரத்திலிருந்து போனது. கலோஃபர், கார்லோவோ, கோப்ரிவ்ஷ்டிட்சா, பிளோவ்டிவ் என்று ஊர்கள் செழித்தன. ஆளும் சுல்தானின் படைக்கு உடுப்புத் தைத்த காசில்தான், ஆளப்பட்டவர்களின் மறுமலர்ச்சி வீடுகள் எழுந்தன. வியன்னாவிலும் இஸ்தான்புல்லிலும் கடை வைத்திருந்த வணிகன் ஊர் திரும்பும்போது, அங்கே பார்த்த அறைகளும் அவன் நினைவில் கூட வந்தன.

காசு வணிகனுடையது, கை வேறொருவனுடையது. ட்ரியாவ்னா, த்ரியானோவோ, பிராட்சிகோவோ, திபர், சமோகோவ் போன்ற இடங்களில் கட்டடத் தொழிலே குலத்தொழில். வசந்தத்தில் புனித ஜார்ஜ் திருநாள் வந்ததும் கோவேறு கழுதையில் கருவிகளை ஏற்றிக்கொண்டு கூட்டமாகக் கிளம்புவார்கள். இலையுதிர்காலத்தில் புனித டிமிட்ரி திருநாளுக்குத் திரும்புவார்கள். கூட்டத்துக்குத் தைஃபா என்று பெயர். அதில் கல் உடைப்பவர், சுவர் எழுப்புபவர், தச்சர், செதுக்குபவர், எடுபிடிப் பையன்கள் எல்லோரும் இருப்பார்கள். பிராட்சிகோவோக்காரர்களுக்கு வேறு யாருக்கும் புரியாத ஒரு ரகசியப் பேச்சும் உண்டு. வீட்டுக்காரன் பக்கத்தில் நிற்கும்போதே அவன் தரும் கூலியைப் பற்றிப் பேசிக்கொள்ள அது உதவியது. தலைவனை மைஸ்தோர் என்பார்கள். போர்ச்சுக்கீசியர் வழியாக நமக்கு வந்த ‘மேஸ்திரி’யும் அந்த ‘மைஸ்தோர்’ என்பதும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவை. அந்தக் கொத்தர்களைப் பற்றிப் படிக்கும்போது சாந்துக் கரண்டியோடு சாரத்தில் நிற்கும் நம்மூர் மனிதர்கள் கண்முன் வருவதற்கு, சொல்லுறவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர்களைப் பற்றி ஊரார் பயந்து பேசிய ஒரு வழக்கமும் உண்டு. பெரிய கட்டடம் நிலைத்து நிற்க ஓர் உயிர் வேண்டும் என்று நம்பினார்கள். ஆளைப் புதைக்க முடியாது; அதனால் நிழலைப் புதைத்தார்கள். வழியில் போகிறவரின் நிழலை அவருக்குத் தெரியாமல் மேஸ்திரி ஒரு நூலால் அளந்து, அந்த நூலை அஸ்திவாரக் கல்லுக்கடியில் வைத்துவிடுவான். நிழல் அளக்கப்பட்டவர் நாற்பது நாளில் இறந்துபோவார் என்பது நம்பிக்கை. கட்டட வேலை நடக்கும் இடத்தைக் கடக்க மக்கள் தயங்கினார்களாம். பாலம் நிற்பதற்காக மேஸ்திரி தன் மனைவியையே சுவருக்குள் வைத்துக் கட்டியதாகச் சொல்லும் பாடல்கள் பால்கன் நாடுகள் எங்கும் இருக்கின்றன. ஒரு கட்டடத்தை நிற்க வைப்பது எவ்வளவு கடினம் என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவின் இருண்ட பக்கம் இது.

வெளிச்சமான பக்கம் ட்ரியாவ்னாவில், தஸ்காலோவ் வீட்டில் இருக்கிறது. 1808இல் முடிந்த வீடு. பட்டும் ரோஜா எண்ணெயும் விற்ற ஹிரிஸ்டோ தஸ்காலோவ் அதன் சொந்தக்காரர். கூரையின் உள்தட்டில் சூரியன் செதுக்க வேண்டும். மேஸ்திரி டிமிட்டர் ஓஷனெட்சும் அவரிடம் வேலை பார்த்த இவான் போச்சுகோவெட்சும் பந்தயம் கட்டினார்கள்: ஆளுக்கோர் அறை, ஆறு மாதம், யார் சூரியன் அழகு? புனித ஜார்ஜ் திருநாளிலிருந்து புனித டிமிட்ரி திருநாள் வரை இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் வேலையை மற்றவர் பார்க்காமல் உழைத்தார்கள். வெளியே அது தைஃபாக்கள் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதிக்கும் பருவம். இவர்கள் இருவரும் அண்ணாந்து இரண்டு கூரைத்தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவுகள் திறந்தன. சின்னஞ்சிறு மரத்துண்டுகளை இழைத்துப் பொருத்திய சட்டத்துக்கு நடுவே, கதிர் விரித்த வட்டச் சூரியன் இரண்டு அறையிலும். ஒன்றை மே மாதச் சூரியன் என்கிறார்கள், மற்றதை ஜூலைச் சூரியன். இளையவன் இவானுடையது மே, மூத்தவருடையது ஜூலை. தீர்ப்பு மேஸ்திரி பக்கம் போனது. ஆனால் அன்றே இவானையும் மேஸ்திரி என்று அறிவித்தார்கள். இன்று அந்த வீடு மரச்செதுக்கு அருங்காட்சியகம். எது சிறந்தது என்று வருகிறவர்கள் இன்னும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறார்கள். சில ரசிகர்கள் இந்தப் போட்டியை அழகான கட்டுக்கதை மாதிரி சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த வேலை எந்த இடத்தில் நடந்தது என்பது. அரண்மனையில் அல்ல. மலையூர் வியாபாரி ஒருவர் படுத்து எழும் அறையில்.

இனித் தாழ்வாரத்துக்கு வருகிறேன். நாடு ஓரளவு அமைதியானதும், கையில் காசு புரண்டதும், திறந்த சர்தாக்கை மூடத் தொடங்கினார்கள். முதலில் ஒரு ஓரத்தில் இரண்டு படி உயர்த்தி, தெருவைப் பார்க்கும் ஒரு மேடை. கியோஷ்க் என்று அதற்குப் பெயர். பிறகு முழுத் தாழ்வாரத்துக்கும் பலகணிகள். அடுத்த அடி பெரியது: தாழ்வாரத்தை வீட்டின் முன்பக்கத்திலிருந்து எடுத்து நடுவுக்குக் கொண்டுபோனார்கள். அது அகன்ற கூடமாகி, அதன் இருபுறமும் அறைகள் இரட்டை இரட்டையாக எதிரெதிரே நின்றன. அந்தக் கூடத்துக்கு ஹயாத் என்று பெயர். துருக்கி மொழியில் அதே ஒலியுள்ள சொல்லுக்கு உயிர், வாழ்வு என்று பொருள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் புழங்கும் சொல்தான். கலியாணம், சாவு, வியாபாரப் பேச்சு எல்லாம் நடந்த கூடம் அது. இப்படிப் பிறந்ததுதான் பிளோவ்டிவின் சமச்சீர் வீடு. வெளியே வேலை செய்யும் இடமாக இருந்த தாழ்வாரம், உள்ளே வீட்டின் மார்பாக ஆகிவிட்டது.

அந்தக் கூடத்துக்கு நீள்வட்டக் கூரைத்தட்டு வேண்டும், வீட்டு நெற்றிக்கு அலை வேண்டும் என்று வணிகர்கள் கேட்டார்கள். ஐரோப்பாவில் இதைக் கல்லிலும் சுதையிலும் செய்தார்கள். இங்கே அவ்வளவு கல்லும் இல்லை, செலவும் கட்டாது. தச்சர்கள் மெல்லிய மரச் சட்டங்களை நெருக்கமாக வரிசையாக அடித்து வளைத்து, அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். பாக்தாதி என்பது இந்த முறையின் பெயர். மரச்சட்டம் வளையும் அளவுக்கு எந்த வடிவமும் வரும், எடையும் குறைவு. பரோக் வளைவை அவர்கள் மரக்கீற்றில் மறுபடி கண்டுபிடித்தார்கள். அது தோளில் கிடக்கும் கோபிலிட்சாவைப் போல இருக்கிறதே என்று பேரும் வைத்தார்கள்.

அறைச் சுவரில் மாடம் போலக் குழித்து, அதில் ஊர்க் காட்சிகள் தீட்டுவது இன்னொரு மோகம். அதற்கு அலாஃப்ராங்கா என்று பெயர். ‘பிராங்கியர் பாணி’ என்று பொருள். ஸ்டெபான் ஹிந்த்லியான் என்ற ஆர்மீனிய வணிகரின் வீடு 1835க்கும் 1840க்கும் இடையே பிளோவ்டிவில் எழுந்தது. இந்தியாவோடு அவருக்கு வணிகம் இருந்ததால் வந்த பெயர் அது என்பார்கள். சிர்பான் ஊரைச் சேர்ந்த மோகோ, மவ்ருடி என்ற இரு ஓவியர்கள் அந்த வீட்டின் சுவர்களில் தூரத்து நகரங்களை வரைந்தார்கள். கூடத்துச் சுவரில் ஒரு சலவைக்கல் ஊற்று. அதில் வந்தது பன்னீர். ரோஜாப் பள்ளத்தாக்குக்கு அருகில் இருக்கும் ஊரில், விருந்தாளி வந்ததும் வீடே மணக்கும்படி ஒரு குழாய். செல்வத்தைக் காட்டிக்கொள்ள எத்தனையோ வழி இருக்கிறது. இது இதமான வழி.

இந்த வீடுகள் யாருக்குச் சொந்தமான பாணி என்று இன்றும் சண்டை உண்டு. பிளோவ்டிவின் பழைய தெருக்களில் கிரேக்கர், பல்கேரியர், ஆர்மீனியர், துருக்கியர் எல்லோரும் வீடு கட்டினார்கள். இதே முன்தள்ளிய மேல்மாடியும் இதே கூடமும் துருக்கியிலும் வடகிரேக்கத்திலும் மாசிடோனியாவிலும் நிற்கின்றன. வீட்டின் உறுப்புகளுக்குப் பல்கேரியர் சொல்லும் பெயர்களில் பாதி துருக்கி வழியாக வந்தவை. அதனால் வீடு பல்கேரிய வீடு இல்லாமல் போய்விடாது. ஒரே மரத்தில் எத்தனை ஊர்க்காரர்கள் கருவி செய்தாலும் கைப்பழக்கம் ஊருக்கு ஊர் வேறு. ட்ரியாவ்னாவின் கற்கூரையும் ஜெரவ்னாவின் கறுத்த மரவீடும் கோப்ரிவ்ஷ்டிட்சாவின் நீலமும் செம்மண் நிறமும் வேறெங்கும் அந்த மாதிரி சேர்ந்து நிற்கவில்லை.

கோயில்களின் கதை வேறு திசையில் போனது. வீடு தெருவுக்கு மேலே நீண்டது. கோயில் மண்ணுக்குள் இறங்கியது. மசூதியை விட உயரக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, புதிதாகக் கட்ட சுல்தானின் ஆணை வேண்டும் என்ற நிலை. அதனால் தரையைத் தோண்டினார்கள். படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்ட மரப்பலகையைச் சுத்தியால் தட்டினார்கள். அர்பனாசியில் இருக்கும் கிறிஸ்து பிறப்புக் கோயிலை வெளியிலிருந்து பார்த்தால் தாழ்ந்த தானியக் கிடங்கு என்றே தோன்றும். உள்ளே நுழைந்தால் சுவர், கூரை என்று ஒரு கைப்பிடி இடம் விடாமல் ஓவியம். வரைந்த உருவங்கள் மட்டும் 3,500க்கு மேல்.

1833இல் ரிலா மடத்தில் தீப்பிடித்தது. 10 ஆம் நூற்றாண்டில் துறவி இவான் ரில்ஸ்கி தொடங்கி வைத்த மடம். பல்கேரியர்களுக்கு அதைவிடப் பெரிய கோயில் இல்லை. நாடு முழுவதும் இருந்து பணமும் ஆளும் வந்து சேர்ந்தன. பாவெல் என்ற மேஸ்திரி 1834இல் நடுக்கோயிலைத் தொடங்கி 1837இல் முடித்தார். சுற்றிலும் நாலு அடுக்கு வளைவுத் தாழ்வாரங்கள். கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்ட வில்கள். தெற்குப் பக்கத்தை 1847இல் மேஸ்திரி மிலென்கோ எழுப்பினார். மடத்துக்குள் விருந்தினர் அறைகள் சில ஊர்களின் பெயரில் இருக்கின்றன: கோப்ரிவ்ஷ்டிட்சா அறை, கப்ரோவோ அறை, தெதேவென் அறை, சிர்பான் அறை. ஒவ்வோர் ஊரும் தன் செலவில் தன் அறையை அலங்கரித்துக் கொடுத்தது. மண்ணுக்குள் ஒளிந்திருந்த கோயில் இங்கே ஐந்து குவிமாடங்களோடு வானத்தைப் பார்த்து நின்றது. அதன் சுவர்களில் வரைந்த ஓவியர்களில் ஜஹாரி ஜோக்ராஃபும் ஒருவர்.

கட்டுவது எப்போதும் பத்திரமான தொழிலாக இருக்கவில்லை. வெலிகோ தர்னோவோவுக்குப் பக்கத்து ப்ரியோப்ரஜென்ஸ்கி மடத்துக் கோயிலை டிமிட்டர் சோஃபியாலியாத்தா என்ற மேஸ்திரி 1834இல் தொடங்கினார். அடுத்த ஆண்டு, ஆட்சிக்கு எதிரான ஒரு சதியில் பங்கு இருந்ததாகப் பிடித்து அவரைத் தூக்கிலிட்டார்கள். பாதியில் நின்ற கோயிலை எடுத்து முடித்தவர் நிகோலா ஃபிச்செவ். ஊரார் அவரைக் கோல்யூ ஃபிச்செட்டோ என்பார்கள்.

1800இல் த்ரியானோவோவில் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையை இழந்து, பத்து வயதில் ட்ரியாவ்னா தச்சர்களிடம் மரவேலைக்கும், பதினேழில் பிராட்சிகோவோ கொத்தர்களிடம் கல்வேலைக்கும் போய்ச் சேர்ந்தார். படம் போடப் பள்ளியில் கற்கவில்லை. கட்ட வேண்டியதை மெழுகில் வார்த்துக் காட்டுவார். பியாலா ஊரருகே யாந்த்ரா ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்று மாகாண ஆளுநர் மித்ஹத் பாஷா கேட்டபோது, வெளிநாட்டுப் பொறியாளர்கள் 35 லட்சம் குருஷ் சொன்னார்கள், ஃபிச்செட்டோ 7 லட்சத்தில் முடிக்கிறேன் என்றார், பாலம் நிற்காவிட்டால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இப்படித்தான் அந்தக் கதை வழங்குகிறது. 1865இல் தொடங்கி 1867இல் பாலம் நின்றது. 276 மீட்டர் நீளம். 1897இல் வந்த பெருவெள்ளம் அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. தப்பிய வளைவுகள் இன்னும் அவருடையவை. லோவெச்சில் கடைகள் வரிசையாக அமைந்த மரக்கூரைப் பாலம், ஸ்விஷ்டோவில் பரிசுத்த திரித்துவக் கோயில், தர்னோவோவில் ஹாஜி நிகோலியின் சத்திரம் எல்லாம் அவர் கை. அவருடைய கோயில்களின் நெற்றியிலும் அதே அலைக்கோடு ஓடுகிறது. மரக்கீற்றில் பிறந்த கோபிலிட்சாவைக் கல்லுக்குக் கொண்டுபோனவர்களில் அவர் முதன்மையானவர்.

1872இல் ஒட்டோமான் ஆட்சிக்காக தர்னோவோவில் ஒரு கொனாக், அதாவது ஆளுநர் மாளிகை, கட்டிக் கொடுத்தார். மலைச்சரிவில் சாய்ந்து நிற்கும் பெரிய, வெளிச்சமான கட்டடம். இதற்குள் நாட்டில் வேறு காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. 1876 ஏப்ரலில் கோப்ரிவ்ஷ்டிட்சாவில் கிளர்ச்சி வெடித்தது. அந்த ஊரின் மிக அழகான வீடுகளில் ஒன்று நென்சோ ஓஸ்லெகோவுடையது. 1853இல் தொடங்கி 1856இல் முடிந்தது, முகப்பில் லெபனானிலிருந்து வந்த மூன்று மரத்தூண்கள், வெளிச்சுவரில் தூர ஊர்களின் படங்கள். கிளர்ச்சிக்காரர்களுக்கு உடுப்பு அந்த வீட்டில்தான் தைக்கப்பட்டது. சுல்தானின் படைக்குத் துணி விற்று வளர்ந்த ஊரில் அதே துணி இந்தமுறை வேறு படைக்குப் போனது. ஓஸ்லெகோவை பஸார்ஜிக்கில் தூக்கிலிட்டார்கள். வீடு நிற்கிறது.

இரண்டு ஆண்டில் ரஷ்யப் படை வந்தது, ஒட்டோமான் ஆட்சி போனது. 1879இல் புதிய நாட்டின் அரசியல் சட்டத்தை எழுத மக்கள் பிரதிநிதிகள் கூடிய இடம் தர்னோவோவில் ஃபிச்செட்டோ கட்டிய அதே கொனாக். ஆளுநருக்குப் போட்ட கூடம் அவையாக ஆனது. அப்போது அவர் உயிரோடு இருந்தார், 1881இல் இறந்தார்.

ஆனால் அந்தப் புதிய நாட்டுக்கு அவருடைய தொழிலாளிகள் தேவைப்படவில்லை. சோஃபியாவில் இளவரசருக்கு மாளிகை வேண்டியபோது, பழைய ஒட்டோமான் கொனாக்கை விக்டர் ரும்பெல்மாயர் என்ற வியன்னாக் கட்டடக்கலைஞர் பிரெஞ்சு பாணியில் மாற்றிக் கட்டினார். பட்டம் பெற்ற பொறியாளர்கள் வந்தார்கள். செங்கல்லும் இரும்பும் வந்தன. ஒட்டோமான் சந்தை கைவிட்டுப் போனதும் அபா வணிகமும் சரிந்தது. காசும் இல்லை, கேட்பவரும் இல்லை. பின்னால் ஃபெர்டினாண்ட் மன்னர் ரிலா மலையில் வேட்டை மாளிகையாக ‘ட்சார்ஸ்கா பிஸ்ட்ரிட்சா’வைக் கட்டியபோது பழைய மரச்செதுக்கு அதில் இடம்பிடித்தது. ஆனால் அதற்குள் அது ஞாபகப் பொருளாகிவிட்டது. வாழும் மரபாக அது இரண்டு மூன்று தலைமுறைதான் இருந்தது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனக்கிறது: ஒரு மக்கள் விடுதலை பெற்ற அன்றைக்கே, தங்கள் கைகளின் மிகச் சிறந்த திறமைக்கு வேலை இல்லாமல் போனது.

பிளோவ்டிவில் ஆர்கிர் குயும்ஜியோக்லுவின் வீடு இருக்கிறது. ரோடோபி மலையைச் சேர்ந்த ஹாஜி கேயோர்கி என்ற மேஸ்திரி 1847இல் கட்டியது. வியன்னாவரை அபா விற்ற வணிகரின் வீடு. சரிவில் நிற்பதால் ஒரு பக்கம் இரண்டு மாடி, மறுபக்கம் நான்கு. 130 சன்னல்கள். நீல நிற முகப்புக்கு மேலே, ஊரிலேயே மிக நேர்த்தியான கோபிலிட்சா வளைவு. சொந்தக்காரர் குடும்பம் விட்டுப் போனபின் அது பெண்கள் விடுதியாக இருந்தது. தொப்பி செய்யும் தொழிற்கூடமாக, மாவுக் கிடங்காக, காடி தயாரிக்கும் இடமாக இருந்தது. 1930இல் புகையிலை வணிகர் ஒருவர் வாங்கினார். இடித்துவிட்டு அங்கே கிடங்கு கட்டுவது அவர் திட்டம். அது நடக்கவில்லை. 1938இல் நகராட்சி வாங்கி, நாட்டுப்புற அருங்காட்சியகமாக மாற்றியது. இப்போது நீள்வட்டக் கூரைத்தட்டுக்குக் கீழே, வெளிச்சம் நிறைந்த அந்த அறைகளில், முரட்டுக் கம்பளியில் தைத்த விவசாயிகளின் உடுப்புகள் மாட்டியிருக்கின்றன. ஓரங்களில் கறுப்புக் கைத்தான் முறுக்கு இன்னும் பிரியவில்லை.